'சட்டம் பின்தங்கிவிட்டது' என்னும் பொய்

கடந்த இரண்டு மாதங்களில் செயலிவழித் தொழிலாளர்களைப் பற்றிய மூன்று கருத்தரங்குகளில் அமர்ந்திருந்தேன். இரண்டு நான் ஆய்வு செய்யும் ஐதராபாத்தில் நடந்தவை, ஒன்று இணையவழி. மூன்றிலும் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் தலைமையுரை ஆற்றியவர், ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: தொழில்நுட்பம் பாய்ந்து செல்கிறது, சட்டம் மூச்சிரைக்க அதன் பின்னால் ஓடிவருகிறது. மூன்று அரங்குகளும் தலையாட்டின. மூன்றாவது முறை நான் கையை உயர்த்தினேன்; அதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அங்கே கேட்க முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுத்தருள்க.

அந்த வாக்கியம் பொய் என்பது என் வாதம். அரைகுறை உண்மை என்றோ, மிகைப்படுத்தல் என்றோ சலுகை காட்ட விரும்பவில்லை. செயலி நிறுவனங்கள் இன்று செய்யும் சூழ்ச்சி எதுவோ, அதை இந்தியச் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டது, பெயர் சொல்லி அழைத்தது, எழுத்தில் முறியடித்தது. பிறகு, எல்லாம் தெரிந்திருந்தும், அந்த இடத்திலிருந்து விலகி வந்தது. விலகி வந்ததை 'பின்தங்கியது' என்று மொழிபெயர்த்துக் கொடுக்கும் பணியை நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் ஊதியமின்றிச் செய்து வருகிறோம்.

பீடியிலிருந்து தொடங்குகிறேன்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வந்ததும் பீடி முதலாளிகளுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஆலைக்குள் ஆட்களை உட்கார வைத்தால் வேலைநேரம், விடுப்பு, காற்றோட்டம், கழிப்பறை என்று எல்லாம் செய்துகொடுக்க வேண்டும். தீர்வு எளிதாகக் கிடைத்தது. ஆலையைக் கலைத்து வீடுகளுக்குள் பரப்பினார்கள். இலையையும் தூளையும் நூலையும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது. அவர் தெருத்தெருவாக வீடுகளில் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிவருவது. முதலாளியைக் கேட்டால், 'நான் ஒப்பந்தக்காரரிடம் சரக்கு வாங்குகிறேன், வேறொன்றும் அறியேன்' என்பார். ஒப்பந்தக்காரரைக் கேட்டால், 'அவரவர் வீட்டில் அவரவர் விருப்பப்படி சுற்றுகிறார்கள், நான் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை' என்பார். சுற்றியவருக்கு முதலாளி இல்லை. பீடிக் கட்டின்மேல் மட்டும் முதலாளியின் முத்திரைத்தாள் இருந்தது.

நீதிமன்றங்கள் இதை முதலில் ஏற்றுக்கொண்டன. சிந்தாமன் ராவ் வழக்கில் 1958இல், 'சட்டேதார்' எனப்பட்ட இடைத்தரகர்கள் தனித்தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர்கள், அவர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆலையின் தொழிலாளர்கள் ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து சங்கர் பாலாஜி வாஜே வழக்கு. அந்தத் தொழிலாளி ஆலைக்கே வந்து பீடி சுற்றியவர். ஆனால் அவருக்குக் குறித்த நேரம் கிடையாது. விரும்பியபோது வரலாம், போகலாம். இவ்வளவு சுற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே அவர் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் 'தொழிலாளி' அல்லர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு முடிவு செய்தது. சுப்பாராவ் மாறுபட்டார். இது 1961. இந்தத் தீர்ப்பை இன்றைய மாணவர்கள் கட்டாயம் ஒருமுறை படிக்க வேண்டும். விரும்பியபோது வரலாம், விரும்பியபோது போகலாம். ஆகவே நீ தொழிலாளி இல்லை. எந்தச் செயலியின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த வாதம் இருக்கிறது. தட்டச்சு எழுத்துரு மட்டும் மாறியிருக்கிறது. அதை எழுதிய வழக்கறிஞர்கள் இது சிலிக்கான் பள்ளத்தாக்கில் பிறந்தது என்று நம்பினால் நம்பிக்கொள்ளட்டும். நாம் ஏன் நம்ப வேண்டும்?

அடுத்து நடந்ததைத்தான் நம் கருத்தரங்குகள் மறந்துவிட்டன. நாடாளுமன்றம் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் (பணி நிலைமைகள்) சட்டத்தை இயற்றியது. அதில் 'பணியாளர்' என்ற சொல்லுக்கான வரையறையை எடுத்துப் பாருங்கள். நேரடியாக வேலைக்கு வைக்கப்பட்டவரும் பணியாளர்; யாதொரு இடையமைப்பின் வழியே வைக்கப்பட்டவரும் பணியாளர். முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மூலப்பொருள் பெற்று வீட்டிலிருந்து சுற்றுபவரும் பணியாளர். இத்தோடு நிற்கவில்லை. முதலாளியாலோ ஒப்பந்தக்காராலோ வேலைக்கு அமர்த்தப்படாமல், அவர்களுடைய அனுமதியின் பேரிலோ அவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பேரிலோ வேலை செய்பவரும் பணியாளரே என்று சேர்த்தது.

இந்தக் கடைசிப் பகுதியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். வேலைக்கு அமர்த்தப்படாதவர், ஆனால் உடன்பாட்டின் பேரில் வேலை செய்பவர். தொலைபேசித் திரையில் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பும் இளைஞனுக்கு இதைவிடப் பொருத்தமான சட்ட விளக்கத்தை நான் எந்த ஐரோப்பியச் சட்டத்திலும் காணவில்லை. இதை எழுதியவர்கள் கணினியைக் கண்டிருக்க வாய்ப்பே குறைவு. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. முதலாளிகளை அறிந்திருந்தார்கள், அது போதுமாயிருந்தது.

இன்னொன்றையும் அந்தச் சட்டம் கவனித்தது. பீடித் தொழிலில் கூலிக்குறைப்பின் முதன்மையான கருவி கழிப்பு. நூறு கொடுத்தால் பத்தைத் 'தரமில்லை' என்று தள்ளிவிடுவார்கள். தள்ளிய பீடிக்குக் கூலி கிடையாது. தள்ளிய பீடி குப்பைக்குப் போகிறதா, விற்பனைக்குப் போகிறதா என்பது வேறு கதை. என் அம்மா சுளகை மடியில் வைத்துச் சுற்றிய காலத்தில், பீடிக்கடைக்குப் போய்த் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய கழிவு எவ்வளவு என்று நாங்கள் சொல்லிவிடுவோம். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, மூலப்பொருள் வழங்குவதிலும், சுற்றிய பீடியைக் கழிப்பதிலும், கழித்ததற்கான கூலியிலும் எழும் தகராறுகளைச் சுருக்கமான முறையில் விரைந்து தீர்க்கும் அதிகார அமைப்பு ஒன்றை மாநில அரசு விதிகளின் வழியே குறிப்பிட வேண்டும் என்றது. மாநில விதிகள் கழிப்புக்கு வரம்பும் கட்டின. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் 1974இல் சட்டம் நிலைத்தது.

இப்போது இதன் பக்கத்தில் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் குறைந்த நட்சத்திரம் கொடுத்தால் ஊக்கத்தொகை போகிறது, மேலும் குறைந்தால் கணக்கு முடக்கப்படுகிறது. யாரிடம் முறையிடுவது? செயலியில் ஓர் உரையாடல் பெட்டி இருக்கிறது. அதில் ஓர் இயந்திரம் வருத்தம் தெரிவிக்கும். பீடிக்குக் கழிப்புத் தகராறு அதிகாரி வேண்டும் என்று 1966இல் தோன்றிய அறிவு, 2020இல் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை என்று நம்பச் சொல்கிறீர்களா?

பீடி ஒரு விதிவிலக்கு என்று சொல்பவர்களுக்காக இரண்டு எடுத்துக்காட்டுகள், சுருக்கமாக. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், 1956 நவம்பரில், கட்ச் ரண் பகுதியிலுள்ள உப்பளத்தின் அகாரியாக்கள் தொழிலாளர்களா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆளுக்கொரு பாத்தி, குடும்பத்தோடு உழைப்பார்கள், வேலைநேரம் இல்லை, வருகைப்பதிவு இல்லை, தேவைப்பட்டால் தாமே கூலியாளும் வைத்துக்கொள்வார்கள், நிறுவனம் ஏற்றுக்கொண்ட உப்புக்கு மட்டும் எடைக்கணக்கில் பணம். இத்தனையும் இருந்தும் அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. மேற்பார்வை எவ்வளவு என்பது வேலையின் தன்மையைப் பொறுத்தது. மேற்பார்வை செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி என்றது. மற்றொன்று 1973இன் சில்வர் ஜூபிலி தையல்நிலைய வழக்கு. தெலங்கானாப் பகுதிக்குரிய கடைகள் சட்டத்தின்கீழ் எழுந்தது என்பதால் எனக்கு அதில் ஒரு சொந்த ஊர்ப் பாசமும் உண்டு. துண்டுக்கூலித் தையற்காரர்கள். நாள் முழுதும் கடையில் இருக்க வேண்டியதில்லை, துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைக்கலாம், வேறு கடைக்கும் தைக்கலாம். நீதிபதி மாத்யூ இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்கள் பணியாளர்களே என்றார். தைத்தது சரியில்லை என்று தள்ளிவிட்டு மீண்டும் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருக்கிறதே, கட்டுப்பாடு என்பதற்கு அதுவே போதும்.

கேரளத்துக் கயிற்று ஆலை ஒன்றைப் பற்றிய ஹுசைன்பாய் வழக்கில் 1978இல் கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி போனார். ஒருவருடைய உழைப்பு மற்றொருவருடைய தொழிலுக்காகப் பொருள் செய்து தருகிறது, அவருடைய பிழைப்பு அந்த மற்றொருவரின் கையில் இருக்கிறது என்றால், அந்த மற்றொருவரே முதலாளி. நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் நின்றாலும் திரையை விலக்கிப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. இதே வகையான பார்வையை இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் மேற்கொண்டபோது, நாம் அதைப் புதிய யுகத்தின் விடியல் என்று கொண்டாடினோம். நான் இருக்கும் துறையில் அந்தத் தீர்ப்பைப் பாடமாக வைக்கிறார்கள். ஹுசைன்பாயை வைப்பதில்லை. இலண்டனில் சொன்னால்தான் நமக்குக் காது கேட்கிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று: நம் நீதிமன்றங்கள் அந்த உயரத்தில் நிலைத்து நிற்கவில்லை. 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐவர் அமர்வு, ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை முதலாளியின் தொழிலாளர்களாக ஆகிவிடமாட்டார்கள் என்று சொல்லி, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஏர் இந்தியா தீர்ப்பைத் தள்ளியது. அன்று இந்தியாவில் எந்தச் செயலியும் உணவு கொண்டுவந்து தரவில்லை. திறன்பேசிகளும் இல்லை. பின்வாங்கல் தொழில்நுட்பத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்கு வருவோம். நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டபோது, கிக் தொழிலாளர்கள் முதன்முறையாகச் சட்டத்தின் ஏட்டில் ஏறினார்கள் என்று எல்லா நாளேடுகளும் எழுதின. ஏறியது உண்மை. எப்படி ஏறினார்கள்? மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து வருவாய் ஈட்டுபவரே கிக் தொழிலாளி என்கிறது வரையறை. வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்றை வரையறையிலேயே முடித்துவிட்டார்கள். அகாரியாவும் தையற்காரரும் நீதிமன்றத்துக்குப் போய் 'நான் அந்த உறவுக்கு உள்ளே இருக்கிறேன்' என்று வாதாட முடிந்தது. இன்றைய ஓட்டுநர் வாதாடத் தொடங்கினால், 'உனக்குத்தான் தனிப்பெயர் இருக்கிறதே' என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. பெயர் கொடுத்து வெளியேற்றுவது நம் நாட்டுக்குப் புதிய கலை அன்று. யாருக்கு எந்தப் பெயர் கொடுத்து ஊருக்கு வெளியே நிறுத்தினோம் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயருக்குள் வந்துவிட்டவருக்கு ஊதியத் தொகுப்பின் குறைந்தபட்சக் கூலி இல்லை. தொழிலுறவுத் தொகுப்பின் பணிநீக்கப் பாதுகாப்பு இல்லை. கிடைப்பது ஒரு நிதி. அக்ரிகேட்டர் எனப்படும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை அதற்குச் செலுத்த வேண்டும். அதுவும் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சாதாரணத் தொழிலாளி ஒருவருக்கு வருங்கால வைப்புநிதிக்காக மட்டும் முதலாளி செலுத்துவது ஊதியத்தில் 12 விழுக்காடு. ஈ.எஸ்.ஐ.க்கு மேலும் 3.25. கணக்கு நான் போட வேண்டியதில்லை.

நிதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜஸ்தானின் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிற்சங்கங்கள் தெருவில் நின்று பெற்றவை. கர்நாடகச் சட்டம் கணக்கை நிறுத்துமுன் காரணத்தை எழுத்தில் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. அது சிறிய வெற்றியன்று. ஆனால் பீடிக்கு நடந்ததை நினைவுகூருங்கள். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. பணியாளர் என்ற தகுதி பத்தாண்டுகளுக்கு முன்பே, 1966இல் வந்துவிட்டது. உரிமையின் மேல் நலனை வைத்தார்கள். இன்று உரிமைக்குப் பதிலாக நலனை வைக்கிறோம். நலன் அரசின் கருணை; ஒரு நிதிச் சட்டத் திருத்தத்தில் காணாமற்போகும். போயும் இருக்கிறது: சரக்கு-சேவை வரி வந்த 2017இல் அந்தப் பீடி வரி நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து பிறரை மட்டும் குறைசொல்கிறான் என்பீர்கள். 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்குப் புதிய மின்சார இருசக்கர வண்டி வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். பெறுபவருக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வண்டி யாருடைய உற்பத்திக் கருவி? ஆலை முதலாளி தறி வாங்க வேண்டிய இடத்தில் தொழிலாளி கடன் வாங்கித் தறி வாங்குகிறார். அந்தக் கடனில் ஒரு பங்கை மக்கள் வரிப்பணம் அடைக்கிறது. மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பொருளியல் மாணவர் ஒருவர் எழுதினால் நல்ல ஆய்வுக்கட்டுரை கிடைக்கும்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது: தொழிலாளர்களே சுதந்திரத்தை விரும்புகிறார்கள், களஆய்வு அப்படித்தான் சொல்கிறது. என் களஆய்வும் அதைச் சொல்கிறது. நான் பேசிய பலர் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதையே இந்த வேலையின் ஒரே நன்மையாகச் சொன்னார்கள். முன்பு செய்த வேலைகளில் பட்ட அவமானங்களை அடுக்கினார்கள். அந்த விருப்பத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆனால் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் ஒருவர் தொழிலாளியாக இருக்க முடியாது என்று யார் சொன்னது? வாஜே தீர்ப்பு சொன்னது. நாடாளுமன்றம் 1966இல் அதற்கு விடை சொல்லிவிட்டது. நெகிழ்வான நேரமும் குறைந்தபட்சக் கூலியும் ஒன்றையொன்று அழிப்பவை என்பது நிறுவனங்களின் விளம்பர வாசகம். அதை ஆய்வு முடிவாக எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் களஆய்வு என்று போடுவது நம் பிழை. தவிரவும், எந்தச் சுதந்திரம்? போகுமிடம் எது என்று ஏற்பதற்கு முன் முழுதாகத் தெரியாது. கட்டணத்தை நிறுவனம் குறிக்கிறது. தொடர்ந்து மறுத்தால் அழைப்பு குறைகிறது. இரவு பதினொன்று வரை நின்றால்தான் அன்றைய ஊக்கத்தொகை. விரும்பியபோது போகலாம் என்பது, பசித்தபோது போகலாம் என்பதாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு: உரிமை கொடுத்தால் நிறுவனங்கள் மூடிவிடும், வேலை போகும். இதற்கு எளிதான விடை கிடையாது, ஏனெனில் பீடியில் அது நடந்தது. 1968இல் கேரளம் அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது மங்களூரைச் சேர்ந்த பீடி நிறுவனம் கண்ணூர் வட்டாரத்திலிருந்து வெளியேறியது. சுமார் 12,000 பேர் வேலையிழந்தார்கள். நம்முடைய பொருளியல் அறிஞர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். 1969இல் அந்தத் தொழிலாளர்கள் அரசின் துணையோடு கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கினார்கள். உச்சத்தில் அதில் 42,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். குறைந்தபட்சக் கூலி, வைப்புநிதி, விடுமுறை, போனஸ் எல்லாவற்றோடும். தாமஸ் ஐசக்கும் இருவரும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்கள். புகைப்பழக்கம் குறைந்தபோது கூட்டுறவு குடையும் உணவுப்பொருளும் செய்யத் திரும்பியது. இதனால் எல்லா இடத்திலும் கூட்டுறவு வெல்லும் என்று நிறுவ முயலவில்லை. அரசியல் துணையும் வலுவான தொழிற்சங்கமும் இல்லாத இடங்களில் முதலாளிகள் மாநிலம் மாறினார்கள், சட்டம் ஏட்டோடு நின்றது. தென்தமிழ்நாட்டுப் பெண்கள் பலர் அடையாள அட்டைக்கும் வைப்புநிதிக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். என் வீட்டில் அது எனக்குத் தெரியும். நான் சொல்வது இவ்வளவே: விலை உயரும் என்று அஞ்சினால் விலை உயரும் என்று சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வருவதற்கு ஒருவருடைய குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாதாடலாம். 'சட்டத்தால் புரிந்துகொள்ள முடியாத புதுவகை உழைப்பு' என்று சொல்லாதீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? எனக்குத் தோன்றும் விடை நம் தொழிலுக்குப் புகழ் சேர்ப்பதன்று. புதியது என்றால் ஆய்வுநிதி கிடைக்கும். 'அல்காரிதத்தின் ஆட்சி' என்று தலைப்பு வைத்தால் வெளிநாட்டு இதழ் ஏற்கும். 'பீடிக் கழிப்பும் நட்சத்திர மதிப்பீடும்' என்று வைத்தால் மதிப்பீட்டாளர், இது வட்டார ஆர்வத்துக்குரியது என்று எழுதி அனுப்புவார். (எழுதினார்.) நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர்கள் 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்று கணித்தது. அன்றிலிருந்து நம் கட்டுரைகளின் முதல் பத்தி அந்த இரண்டு எண்களோடு தொடங்குகிறது. இவ்வளவு பெரியது, இவ்வளவு வேகமாக வளர்வது, ஆகவே புதியது. இந்தியாவில் துண்டுக்கூலிக்கு வீட்டிலும் தெருவிலும் உழைத்தவர்கள் எந்த நாளில் கோடிக்கணக்கில் இல்லாமல் இருந்தார்கள்? ஊதாபத்தி, அப்பளம், தீப்பெட்டி, பாய், கொசுவலை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண் இளைஞர்கள் வண்டியோடு தெருவுக்கு வந்தபோதுதான், அதுவும் நம் வாசலுக்கே சோற்றைக் கொண்டுவந்தபோதுதான், நாம் அதற்கு ஒரு கோட்பாடு தேடினோம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். பழையது என்று ஒப்புக்கொண்டால் நம் கட்டடத்துக்குள்ளேயே பார்க்க வேண்டியிருக்கும். பாடவேளைக் கணக்கில் ஊதியம் பெறும் விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000க்கு மிகாமல் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் அறிவுறுத்தியது. அதைக்கூட முழுதாகத் தராத கல்லூரிகள் எத்தனை என்று மாணவர்களுக்கே தெரியும். விடுமுறைக்கு ஊதியம் இல்லை; வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் மாணவரோடு அமர்ந்து பேசுவதும் கணக்கில் வராது; அடுத்த பருவத்தில் அழைப்பார்களா என்பது துறைத்தலைவரின் முகக்குறிப்பைப் பொறுத்தது. செயலி நிறுவனம் தன் ஆட்களைப் 'பங்காளர்' என்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கௌரவ விரிவுரையாளர். பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

நான் குறிப்பிட்ட மூன்று கருத்தரங்குகளில் ஒன்றில், செயலித் தொழிலாளர்களின் நிலையின்மையைப் பற்றி நெகிழ்ந்து உரையாற்றிய பேராசிரியரின் விளக்கப்படங்களை ஆயத்தம் செய்தவர் அத்துறையின் விருந்தினர் ஆசிரியர். அவர் பெயர் நன்றியுரையில் வந்தது. அந்த மாத ஊதியம் வந்ததா என்று கேட்டேன், சிரித்தார்.

1966ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனிச் சட்டமாக உயிரோடு இல்லை. பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்ட பதின்மூன்று சட்டங்களில் அதுவும் ஒன்று. வீட்டிலிருந்து உழைப்பவரைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இப்போது அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில் வைக்கிறது. அதாவது ஓட்டுநரைப் பீடி சுற்றுபவரின் உரிமைக்கு உயர்த்தவில்லை. பீடி சுற்றுபவரை ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு கருத்தரங்கும் நடந்ததாக நான் அறியவில்லை. நடந்திருந்தால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வகுப்புகள் எடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. வாஜே தீர்ப்பையும் 1966 சட்டத்தின் வரையறைப் பகுதியையும், எந்தச் செயலியின் பெயரும் போடாத ஓர் ஓட்டுநர் ஒப்பந்தத்தையும் அருகருகே அச்சிட்டுக் கொடுக்கப்போகிறேன். வேறு பல்கலைக்கழகங்களில் தொழிலாளர் சட்டமோ சமூகவியலோ நடத்தும் நண்பர்கள் கேட்டால் அந்தத் தாள்களை அனுப்புகிறேன். 39ஆம் பிரிவின்கீழ் கழிப்புத் தகராறுகளைத் தீர்த்துவைத்த அதிகாரிகளின் பழைய ஆணைகள் யாரிடமாவது, குறிப்பாக வேலூர், திருநெல்வேலி வட்டாரத் தொழிற்சங்க அலுவலகங்களில், இருந்தால் தெரிவியுங்கள். ஒரு பெண் எத்தனை பீடிக்காக வழக்காடினாள், என்ன விடை பெற்றாள் என்று பார்க்க வேண்டும்.